கூரையில்லாத பேராலயமும் ஒரு பொற்கொல்லரும்

இத்தாலி: நகரங்கள் சொல்லும் கதை – 6

சென்ற வாரம் ரோமில், பாந்தியன் கோயிலின் உச்சித் துளை வழியே இறங்கிய வெயிலில் நின்றிருந்தோம். இந்த வாரம் வடக்கே, ஆர்னோ ஆற்றங்கரையில் இருக்கும் ஃபிளாரன்ஸுக்குப் போவோம்.

ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். தெருக்கள் குறுகல். இரண்டு பக்கமும் உயர்ந்த கல் வீடுகள். தலைக்கு மேலே வானம் ஒரு நாடா அளவுக்குத்தான் தெரியும். ஒரு முனை திரும்பியதும் அந்த நாடாவும் மறைந்துவிடும். செங்காவி ஓடு வேய்ந்து, வெள்ளை விலா எலும்புகள் எட்டு ஓட, மலை போன்ற ஒன்று எதிரே நிற்கும். சாண்டா மரியா டெல் ஃபியோரே பேராலயத்தின் குவிமாடம் அது.

பார்த்ததும் பிரமிப்பு வரும். ஆனால் இந்தக் குவிமாடத்தைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால், முதலில் அது இல்லாத ஃபிளாரன்ஸைக் கண்முன் கொண்டுவர வேண்டும். சுவர்கள் எழும்பி, தூண்கள் நின்று, பலிபீடம் அமைய வேண்டிய நடு இடத்தில் மட்டும் கூரை போட வழி தெரியாமல் ஆகாயம் பார்த்துக் கிடந்த கட்டடம் அது. பாட்டன் தொடங்கிய வேலை பேரன் காலத்திலும் முடியாமல் நின்றது.

முடிவு தெரியாத தொடக்கம்

1296-ல் அர்னால்ஃபோ டி காம்பியோ என்ற சிற்பி வரைந்த திட்டப்படி அடிக்கல் நாட்டப்பட்டது. கம்பளி நெசவிலும் வட்டிக் கடையிலும் செல்வம் கொழித்த ஊர் அது. அண்டை நகரங்களான பீசாவும் சியன்னாவும் எழுப்பிய ஆலயங்களைவிடப் பெரிதாகக் கட்டிவிட வேண்டும் என்ற வேகம் அதற்கு இருந்தது. அர்னால்ஃபோ சில ஆண்டுகளில் இறந்துபோனார். வேலை தேங்கியது. பிறகு கம்பளி வணிகர் சங்கம் பொறுப்பை ஏற்றது. 1334-ல் ஓவியர் ஜியோட்டோ மணிக்கூண்டைத் தொடங்கினார். மூன்றே ஆண்டில் அவரும் மறைந்தார். 1348-ல் கொள்ளைநோய் வந்தது. நகரத்தின் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரை அது கொண்டுபோனது.

அத்தனை சாவுகளுக்குப் பிறகு ஒரு நகரம் தன் ஆசையைச் சுருக்கிக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஃபிளாரன்ஸ் அதைப் பெரிதாக்கிக்கொண்டது. 1367-ல் ஒரு மாதிரி வடிவம் இறுதியானது. எட்டுப் பக்கக் குவிமாடம். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே 42 மீட்டர், மூலைக்கு மூலை 45 மீட்டர். அதுவும் தரையிலிருந்து 50 மீட்டருக்கு மேலே தொடங்க வேண்டும். வடக்கத்திய நாடுகளில் செய்வதுபோல வெளியிலிருந்து சுவருக்குக் கல்லால் முட்டுக் கொடுக்கக் கூடாது என்றும் முடிவாயிற்று. அந்த மாதிரியை மீற மாட்டோம் என்று பொறுப்பாளர்கள் ஆண்டுதோறும் சத்தியம் செய்தார்கள்.

அந்தச் சத்தியத்தைச் செய்த ஒருவருக்கும் அதை எப்படிக் கட்டுவது என்று தெரியாது. தங்களுக்குப் பின்னால் வரப்போகும் யாரோ ஒருவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நம்பினார்கள். அவர்கள் நம்பிய அந்த மனிதர் அப்போது பிறந்திருக்கவே இல்லை.

தோற்றவரின் வெண்கலத் தகடு

ஃபிலிப்போ புருனெல்லெஸ்கி 1377-ல் பிறந்தார். தந்தை ஆவணங்கள் எழுதும் நோட்டரி. மகன் பொற்கொல்லர் தொழிலுக்குப் போனார். உருக்குவது, வார்ப்பது, செதுக்குவது எல்லாம் கைவந்தது.

1401-ல் பேராலயத்துக்கு எதிரே இருக்கும் ஞானஸ்நானக் கோயிலுக்கு வெண்கலக் கதவு செய்ய ஒரு போட்டி வைத்தார்கள். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் காட்சியை ஒரு தகட்டில் வடித்துக் காட்ட வேண்டும். புருனெல்லெஸ்கியும், இருபதைக் கடந்து சில ஆண்டுகளே ஆன லொரன்சோ கிபெர்ட்டியும் இறுதிவரை நின்றார்கள். அந்த இரண்டு தகடுகளும் இன்றும் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஃபிளாரன்ஸ் போகிறவர்கள் இவற்றைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

கிபெர்ட்டியின் தகட்டில் கத்தி ஓங்கி நிற்கிறது; வானதூதர் தொலைவில் மிதந்து வருகிறார். புருனெல்லெஸ்கியின் தகட்டில் தந்தையின் ஒரு கை பிள்ளையின் தாடையைப் பிடித்து நெட்டித் தள்ளுகிறது. கத்தி கழுத்துக்கே வந்துவிட்டது. வானதூதர் பாய்ந்து வந்து கத்தி ஏந்திய கையை மணிக்கட்டோடு பிடிக்கிறார். ஒரு நொடி பிந்தியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பார்க்கிறவர் நெஞ்சு பதறும்.

வென்றவர் கிபெர்ட்டி. அவருடைய வேலையில் நளினம் அதிகம். பெரும்பகுதியை ஒரே வார்ப்பாக எடுத்திருந்ததால் வெண்கலமும் குறைவாகச் செலவானது. அந்தக் கதவுக்கும் அடுத்து செய்த கிழக்குக் கதவுக்குமாக அவர் வாழ்நாளின் பெரும்பகுதி போயிற்று. கிழக்குக் கதவைத்தான் ‘சொர்க்க வாசல்’ என்கிறார்கள். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ பெருக்கெடுத்தபோது அதன் பத்துத் தகடுகளில் ஐந்து பிய்ந்து விழுந்தன. இப்போது வாசலில் நிற்பது நகல். பல ஆண்டுகள் பொறுமையாகச் சுத்தம் செய்யப்பட்ட அசல், பேராலயத்தின் பின்புறத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தோற்ற புருனெல்லெஸ்கி ரோமுக்குப் போனார். அவர் வரலாற்றை எழுதிய மானெட்டி சொல்லும் செய்தி இது: நண்பர் டொனாடெல்லோவுடன் இடிபாடுகளைத் தோண்டி, வளைவுகளையும் தூண்களையும் அளந்துகொண்டே திரிந்தாராம். புதையல் தேடுகிறவர்கள் என்று ரோம் மக்கள் நினைத்தார்களாம். ஒரு வகையில் அது உண்மைதானே!

சென்ட்ரிங் இல்லாமல் எப்படி?

வளைவாக எதைக் கட்டினாலும் முதலில் அடியில் மரத்தால் சென்ட்ரிங் அடிக்க வேண்டும். கல்லோ செங்கல்லோ அதன்மேல் படுத்திருக்கும். கலவை இறுகியபின் மரத்தைப் பிரித்து எடுப்பார்கள். நம் வீட்டு கான்கிரீட் கூரைக்கும் இதே கதைதான். ஆனால் 42 மீட்டர் அகலத்துக்கு, 50 மீட்டர் உயரத்தில் சென்ட்ரிங் அடிக்க மரத்துக்கு எங்கே போவது? அடித்தாலும் அத்தனை பாரத்தை அது தாங்குமா?

1418-ல் பேராலய நிர்வாகம் போட்டி அறிவித்தது. பரிசு 200 பொற்காசு. சென்ட்ரிங்கே வேண்டாம் என்று சொன்னவர் புருனெல்லெஸ்கி. எப்படி என்று விளக்கவும் மறுத்தார்; யோசனையைச் சொன்னால் திருடிவிடுவார்கள் என்ற பயம். முட்டையைத் தட்டி நிமிர்த்தி வைத்துக் காட்டினார் என்று ஓவியர் வசாரி எழுதிய கதை பிற்காலத்தது. முட்டையைவிடப் பெரிய சாட்சியாக அவர் செங்கல்லால் ஒரு மாதிரிக் குவிமாடத்தையே கட்டிக் காட்டினார். 1420-ல் வேலை தொடங்கியது.

அவருடைய சூட்சுமம் என்ன? நீங்களே மேலே ஏறிப் பார்க்கலாம். 463 படிகள், லிஃப்ட் கிடையாது. நேரம் குறித்து முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும்.

பாதி தூரத்தில் வசாரியும் அவருக்குப் பின் சுக்காரியும் வரைந்த ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியம் கைக்கெட்டும் தொலைவில் வந்துவிடும். அதைக் கடந்தால் வழி ஒடுங்கும். நீங்கள் இப்போது நிற்பது இரண்டு கூடுகளுக்கு நடுவே. உள்ளே தடித்த கூடு ஒன்று. மழையும் வெயிலும் தாங்க வெளியே மெல்லிய கூடு ஒன்று. எட்டு மூலைகளிலும் எட்டுப் பெரிய விலாக்கள். மறைவாக இன்னும் பதினாறு சிறிய விலாக்கள் இரண்டு கூடுகளையும் பிணைக்கின்றன. ஒரே கூடாகக் கட்டியிருந்தால் ஏறும் பாரத்தில் ஒரு பங்கு இதனால் குறைந்துபோனது.

அங்கே சுவரை ஒட்டி நின்று செங்கல்லைக் கவனியுங்கள். சில செங்கற்கள் படுத்திருக்கும். சில அடி இடைவெளிக்கு ஒன்று வரிசையை வெட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். அடுத்த வரியில் அதன் பக்கத்தில் இன்னொன்று நிற்கும். இப்படியே சாய்ந்து சாய்ந்து மேலேறும் அந்தக் கோட்டை இத்தாலியர் ‘மீன்முள்’ என்கிறார்கள். கூரை உள்நோக்கிச் சாயச் சாய, ஈரக் கலவைமேல் வைத்த செங்கல் வழுக்கி விழத்தான் பார்க்கும். நிற்கும் செங்கற்கள் படுத்திருப்பவற்றை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கின்றன. அந்த வரி ஒரு வளையமாகச் சுற்றி முடிந்துவிட்டால் அதன்பின் அது தன்னைத்தானே தாங்கும். அதன்மேல் அடுத்த வளையம். இப்படி வைத்த செங்கற்கள் நாற்பது லட்சத்துக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இன்னொரு ஆபத்து அடியில் இருந்தது. மேலே பாரம் ஏற ஏறக் குவிமாடம் வெளிப்பக்கம் பிதுங்கும். வெளியே முட்டுக் கொடுக்கவோ தடை. பீப்பாயைச் சுற்றி இரும்புப் பட்டை போடுவதுபோல, சுவருக்குள்ளேயே வளையங்களைப் புதைத்தார். இரும்பால் பிணைத்த மணற்கல் சங்கிலிகள். அவற்றோடு மரத்தால் ஒரு சங்கிலி. பாரத்தின் இழுப்பை அவை உள்ளே இருந்தபடி ஏற்றுக்கொண்டன.

காளைகள் திரும்ப வேண்டியதில்லை

அத்தனை கல்லையும் சாந்தையும் மேலே கொண்டுபோனது காளைகள். செக்கு மாடு போலச் சுற்றிச் சுற்றி வடத்தை இழுத்தன. பாரம் மேலே போனபின் கொக்கியை இறக்க வேண்டுமானால் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் மாட்டை அவிழ்த்து, திருப்பி, மறுபடி பூட்டினால் பொழுது அதிலேயே போய்விடும். புருனெல்லெஸ்கி நிமிர்ந்த அச்சில் மேலும் கீழுமாக இரண்டு பல்சக்கரங்களை வைத்தார். அடியில் ஒரு திருகு. திருகை ஏற்றினால் ஒரு சக்கரம் கவ்வும், வடம் ஏறும். இறக்கினால் இன்னொன்று கவ்வும், வடம் இறங்கும். காளை தன் வழியில் சுற்றிக்கொண்டே இருக்கும். லியொனார்டோ டா வின்சி இளைஞராக இருந்தபோது இந்தக் கட்டடத்தில் புருனெல்லெஸ்கி வடிவமைத்த இயந்திரங்களைப் பார்த்துத் தன் ஏட்டில் வரைந்து வைத்தார்.

கொத்தனார்கள் மேலே குடித்த ஒயினில் தண்ணீர் கலக்க வேண்டும் என்பது விதி. அந்த உயரத்தில் கால் தடுமாறக் கூடாதல்லவா?

கதவுப் போட்டியில் வென்ற கிபெர்ட்டியையும் இந்த வேலைக்கு இணையாகவே நியமித்திருந்தார்கள். புருனெல்லெஸ்கிக்கு அது முள்ளாகக் குத்தியது. 1426-ல் சம்பளமே பதில் சொன்னது: இவருக்கு ஆண்டுக்கு 100 பொற்காசு, அவருக்கு மாதம் 3. ஆனால் வாழ்க்கை புருனெல்லெஸ்கிக்கு வெற்றியை மட்டும் தரவில்லை. ஆற்று வழியே பளிங்கு கொண்டுவர ஒரு புதுவகைப் படகு செய்து, 1421-ல் அதற்குத் தனியுரிமையும் வாங்கினார். உலகின் மிகப் பழைய காப்புரிமைகளில் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள். சில ஆண்டுகளில் அந்தப் படகு பளிங்கோடு மூழ்கியது. 1434-ல் கொத்தனார், தச்சர் சங்கத்துக்குச் சந்தா கட்டவில்லை என்று அவரைச் சிறையில் போட்டார்கள். நகரமே அண்ணாந்து பார்த்த கூரையைக் கட்டிக்கொண்டிருந்தவர் சில நாள் கம்பிக்குப் பின்னால் இருந்தார். பேராலய நிர்வாகம் தலையிட்டு அவரை மீட்டது.

ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர்

1436 மார்ச் 25 அன்று போப்பாண்டவர் நான்காம் யூஜின் பேராலயத்தை அர்ப்பணித்தார். அந்த ஆகஸ்டில் குவிமாடம் முடிந்தது. அடிக்கல் நாட்டி 140 ஆண்டுகள் ஆகியிருந்தன.

உச்சியில் பளிங்கு விளக்கு மாடம் பாக்கி இருந்தது. அதற்கும் போட்டி வைத்தார்கள்; அதிலும் புருனெல்லெஸ்கியே வென்றார். கட்டி முடிவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1446-ல் இறந்துபோனார். வேறு கைகள் அதை முடித்தன. 1471-ல் சிற்பி வெரோக்கியோவின் பட்டறையில் செய்த செம்பு உருண்டை உச்சியில் ஏறியது. பின்னர் ஒரு மின்னலில் அது உருண்டு விழுந்தது. விழுந்த இடத்தைக் காட்ட, பேராலயத்தின் பின்புறத் தரையில் வெள்ளைப் பளிங்கு வட்டம் ஒன்று பதித்திருக்கிறார்கள். அதன்மேல் நடப்பவர்கள் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் தேடிப் பாருங்கள். முகப்பு மட்டும் 1887 வரை காத்திருந்தது.

புருனெல்லெஸ்கியின் கல்லறை எங்கே என்பதுகூட நெடுங்காலம் மறந்துபோயிருந்தது. 1972-ல் பேராலயத் தரைக்கு அடியில், பழைய சாண்டா ரெபராட்டா கோயிலின் எச்சங்களைத் தோண்டியபோது அது கிடைத்தது. தான் மூடிய கூரையின் கீழேயே அவர் படுத்திருந்தார்.

திரும்பும் முன் பேராலயத்தின் தெற்குப் பக்கச் சதுக்கத்துக்கு வாருங்கள். எதிர்ச் சுவரில் இரண்டு பளிங்குச் சிலைகள் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. ஒருவர் அர்னால்ஃபோ, மற்றவர் புருனெல்லெஸ்கி. ஒருவர் தொடங்கியவர், மற்றவர் முடித்தவர். வாழ்நாளில் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. மடியில் வரைபடத்தை வைத்துக்கொண்டு புருனெல்லெஸ்கி மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் பார்வை போகும் திசையில் நீங்களும் ஒருமுறை தலையைத் தூக்குங்கள். அங்கே வெற்று ஆகாயம் மட்டுமே இருந்த நாளில் அதன் அளவைக் குறித்துச் சத்தியம் செய்த, பெயர் தெரியாத அந்த மனிதர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

(அடுத்த வாரம்: முடியாமலே நின்றுபோன ஒரு பேராலயம் – சியன்னா)