சொத்து வரி அதிகமா வந்திருக்கா? மனு கொடுக்கும் முன் இதைப் பாருங்க!

வரி ரசீதைப் பார்த்ததும் "நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" என்று தோன்றுகிறதா? மறுபரிசீலனை கேட்கலாம். ஆனால், அதில் லாபமும் உண்டு, ரிஸ்க்கும் உண்டு.

யாரிடம் கேட்பது?
வானூர் ஒன்றியத்தின் கிராமங்களில் வீட்டு வரி விதிப்பது அந்தந்த கிராம ஊராட்சி. அதே வானூர் வட்டத்தில் உள்ள கோட்டக்குப்பத்திலும், அருகே திண்டிவனத்திலும் நகராட்சிதான் சொத்து வரி விதிக்கிறது.

20 சதுர அடியில் என்ன இருக்கு?
2022-ல் நகராட்சிகளில் குடியிருப்புகளுக்கான வரி பரப்பளவைப் பொறுத்து உயர்த்தப்பட்டது. கிராம ஊராட்சிகளுக்கு இது பொருந்தாது.

* 600 சதுர அடி வரை: 25%
* 601 - 1,200: 50%
* 1,201 - 1,800: 75%
* 1,800-க்கு மேல்: 100%

உதாரணமாக, பழைய அரையாண்டு வரி ரூ.1,000 என்றால், 1,190 சதுர அடி வீட்டுக்கு ரூ.1,500. அதையே 1,210 என்று பதிந்திருந்தால் ரூ.1,750. வருஷத்துக்கு ரூ.500 கூடுதல்!

எப்போது மனு கொடுக்கலாம்?
பரப்பளவு தவறாக இருந்தாலோ, குடியிருக்கும் வீட்டைக் கடை என்று பதிந்திருந்தாலோ தயங்க வேண்டாம். கட்டட வரைபடம், பத்திரம், பழைய ரசீது நகல்களுடன் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்க.

எப்போது யோசிக்கணும்?
மனு கொடுத்தால் வீட்டை மீண்டும் அளக்க வரலாம். கணக்கில் வராத மாடியோ, கூடுதல் அறையோ இருந்தால் வரி குறையாது, ஏறும். அதனால் முதலில் நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்க.