மேற்கோளெண்ணும் மருத்துவ ஆராய்ச்சியாளரும்

மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒருவர் எழுதிய கட்டுரைகள் எத்துணை, அவற்றைப் பின்வந்தோர் தம் கட்டுரைகளில் எடுத்தாண்ட இடங்கள் எத்துணை என்று எண்ணி, அவ்வெண்ணைக் கொண்டே அவர்தம் புலமையை மதிக்கும் வழக்கம் இன்று உலகெங்கும் வேரூன்றியுள்ளது. பதவியுயர்வும் ஆராய்ச்சிக்குரிய பொருளுதவியும் பல இடங்களில் இவ்வெண்ணைப் பற்றியே நிற்கின்றன. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2010ஆம் ஆண்டில் வகுத்த விதிகளில், கட்டுரை வெளிவந்த இதழின் 'தாக்க எண்' உயர்ந்திருப்பின் ஆசிரியர்க்குப் புள்ளிகள் மிகுத்து வழங்கப்பெற்றன. ஆதலின் இச்செய்தி மருத்துவத் துறையார்க்கு மட்டும் உரியதன்று. இவ்வளவுகோல் எதன்பொருட்டுத் தோன்றிற்று, தோன்றிய பயனினின்று எங்ஙனம் விலகிற்று என்பனவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மருத்துவ எழுத்துகளைத் தொகுத்து அடைவுபடுத்தும் பணி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்கப் படைத்துறைத் தலைமை மருத்துவரின் நூலகத்தைப் பேணிய ஜான் ஷா பில்லிங்ஸ் என்பார் 1879ஆம் ஆண்டில் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்னும் அடைவினைத் தொடங்கினார். எந்நோய் பற்றி எவர் எங்கு எழுதினார் என்பதை அது காட்டிற்று. எழுதியதன் தகுதியை அது கூறவில்லை, கூற முயலவும் இல்லை. எண்ணிப் பார்க்கும் முறை பின்னரே புகுந்தது. ஆல்பிரட் லோட்கா 1926இல், ஒரே கட்டுரையோடு நின்றுவிடுவோரே ஆராய்ச்சியுலகில் மிகப் பலர் என்பதையும், பல எழுதுவோர் தொகை விரைந்து குறைந்து செல்வதையும் ஒரு கணித விதியாக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டில் கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரியைச் சார்ந்த கிராஸ் என்னும் பெயருடைய இருவர், அமெரிக்க வேதியியற் கழக இதழின் 1926ஆம் ஆண்டுத் தொகுதியில் அமைந்த 3,633 மேற்கோள்களை எண்ணினர். அவை 247 இதழ்களைச் சுட்டின. அவர்களுடைய நோக்கம் மிக எளியது: சிறு கல்லூரி நூலகம் தன் சிறு பொருளைக் கொண்டு எவ்விதழ்களை வாங்குதல் தகும் என்பதே அது. ஈண்டு எண்ணப்பெற்றவை இதழ்களே. மாந்தர் அல்லர் என்பதைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். (சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924 முதல் 1944 வரை விளங்கிய நம் சீர்காழி அரங்கநாதனார், 1948இல் இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு மாநாட்டில் 'லைப்ராமெட்ரி' எனப் பெயரிட்டு முன்மொழிந்த துறையும் நூலகப் பணியை எண்ணால் ஆராய்வதையே நோக்கிற்று.)

மேற்கோளெண்ணுக்கு இன்றுள்ள செல்வாக்கின் தோற்றுவாய் யூஜீன் கார்பீல்டு என்பவரிடம் உள்ளது. 1950களின் தொடக்கத்தில் அவர் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து வெல்ச் மருத்துவ நூலகத்தில், மருத்துவ எழுத்துகளை அடைவுபடுத்தும் திட்டமொன்றில் பணியாற்றினார். அந்நாளில் சட்டத் துறையினரின் பழைய கருவியொன்று அவர் கருத்திற்கு வந்தது. அமெரிக்க வழக்கறிஞர்க்காகப் பிராங்க் ஷெப்பர்டு 1873இல் தொடங்கிய மேற்கோளடைவே அது. ஒரு தீர்ப்பின்கீழ், அதனைச் சுட்டிய பிற்காலத் தீர்ப்புகள் யாவும் அதில் வரிசைப்படுத்தப்பெறும். அவ்வளவோடு அமையாது, பிற்காலத்து மன்றம் அத்தீர்ப்பினைப் பின்பற்றியதா, வேறுபடுத்தியதா, தள்ளியதா என்பதையும் ஒவ்வொன்றன் பக்கத்திலும் சிற்றெழுத்தால் குறிப்பர். தள்ளப்பட்ட தீர்ப்பை மன்றத்தில் காட்டித் தோற்றல் கூடாதன்றோ! எனவே அக்குறியே அவ்வடைவின் உயிர்.

நம் இலக்கண மரபும் இவ்வேறுபாட்டை அறிந்ததே. நன்னூலார் எழுவகை மதங்களை வகுக்குங்கால், உடன்படலையும் மறுத்தலையும் முதற்கண் தனித்தனியே நிறுத்தினார். பிறர் கருத்தை எடுத்துரைக்கும் செயல் ஒன்றே ஆயினும் நோக்கம் வேறாதலின் அவை வேறு எனக் கொள்ளப்பட்டன.

கார்பீல்டு 1955இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், அறிவியலுக்கும் அத்தகைய அடைவு வேண்டுமென வாதிட்டார். பிழைபட்ட, குறைபட்ட, காலங்கடந்த செய்திகளை ஆராயாது எடுத்தாளும் தீமையைத் தடுத்தலே அவர் முன்வைத்த முதற்பயன். ஒரு கட்டுரையைக் கற்பவன், அதன்மேல் எழுந்த மறுப்புகளையும் உடன் காணுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அக்கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டது ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளரின் எழுத்தையே என்பது நோக்கத்தக்கது. உடல் தன்மேல் வரும் தாக்குதல்களுக்கு ஈடுகொடுக்கும் முறை பற்றி ஹான்ஸ் செல்யே 1946இல் வெளியிட்ட கட்டுரையை எடுத்தாண்டவற்றைத் திரட்டிக் காட்டி, இத்தகைய திரட்டு ஒரு கட்டுரையின் செல்வாக்கினை அளக்க வரலாற்றாசிரியனுக்கு உதவும் என்றார். தாக்க எண் என்னும் தொடருக்கு வித்திட்டது அவ்விடமே. ஆயினும் ஆங்கு அது ஒரு தனிக் கட்டுரையின் வரலாற்றை அறியும் கருவியாகவே நின்றது.

பின்னர் அவர் வெளியிட்ட அறிவியல் மேற்கோளடைவின் முதற்பகுதி, 1961ஆம் ஆண்டுக்குரிய 613 இதழ்களினின்று 14 இலட்சம் மேற்கோள்களைத் தொகுத்தது. இத்துணைப் பெருந்தொகையை எந்திரத்தின் துணைகொண்டு தொகுத்தமையின், ஷெப்பர்டின் அடைவில் இருந்த பின்பற்றல், தள்ளல் என்னும் குறிகள் இதில் இடம்பெறவில்லை. பொருட்செலவை நோக்க இது வியப்பன்று. எனினும் கருவியின் இயல்பு மாறிய இடம் இதுவே என யாம் கருதுகின்றோம். குறியில்லாத பட்டியலில் மேற்கோள் என்பது வெறும் எண்ணாகிறது. எண்ணைக் கூட்டுதல் எளிது.

1975 முதல் இதழ்களின் தாக்க எண் ஆண்டுதோறும் வெளியிடப்பெற்றது. முன்னிரண்டு ஆண்டுகளில் ஓர் இதழில் வந்த கட்டுரைகள் இவ்வாண்டில் எத்துணை முறை எடுத்தாளப்பட்டன என எண்ணி, அத்தொகையை அக்கட்டுரைகளின் தொகையால் வகுத்துப் பெறுவது அவ்வெண். இதழுக்குரிய இந்தச் சராசரி, அதில் எழுதியவரின் தகுதியாகக் கொள்ளப்பட்டபோது பிழை பெருகிற்று. நார்வே நாட்டுப் பெர் சேக்லன் 1997இல் பிரித்தானிய மருத்துவ இதழில் இதனைத் தெளிவுபடுத்தினார். அவர் ஆராய்ந்த இதழ்களில், மிகுதியாக எடுத்தாளப்பட்ட 15 விழுக்காட்டுக் கட்டுரைகளே மேற்கோள்களிற் பாதியை ஈட்டின. எஞ்சியோர் அவற்றின் நிழலில் மதிப்புப் பெற்றனர். இதழின் எண்ணைக் கொண்டு ஆளை மதித்தல் கூடாதென 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய அறிஞர் ஓர் அறிக்கையும் வகுத்தனர்.

ஆளையே நேரே அளக்க எழுந்தது, இயற்பியலறிஞர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் வகுத்த 'எச்' எண். ஒருவருடைய கட்டுரைகளில் இருபது, தலைக்கு இருபது முறையேனும் எடுத்தாளப்பட்டிருந்து, இருபத்தொன்றுக்கு அவ்வாறு இல்லையெனின் அவர் எண் 20. இவ்வெண் கட்டுரைத் தொகையை ஒருகாலும் கடவாது. மூன்றே கட்டுரை எழுதி மருத்துவத்தின் போக்கையே மாற்றியவர்க்கு 3க்கு மேல் கிட்டாது.

பெருந்தொகையும் பெருந்தகுதியைக் காட்டுவதன்று என்பதற்கு ஆலிவர் லௌரியே சான்று. செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த அவர், கரைசலொன்றில் புரதம் எவ்வளவு உள்ளதென அளக்கும் முறையைத் துணைவர் சிலரொடு 1951இல் வெளியிட்டார். 2014இல் எடுத்த கணக்கின்படி அக்கட்டுரை 3,05,000 முறைக்கு மேல் எடுத்தாளப்பட்டு, அறிவியற் கட்டுரைகள் அனைத்திலும் முதலிடம் பெற்றிருந்தது. அது பெருங்கட்டுரை அன்றென்பதைத் தாம் அறிவதாகவும், எனினும் அதற்குக் கிட்டிய வரவேற்பில் உள்ளூர மகிழ்வதாகவும் அவரே 1977இல் எழுதினார். எல்லார்க்கும் பயன்பட்ட அளவைமுறை அது, அப்பயன் மெய்யே. அதனைக் கண்டுபிடிப்பின் ஆழம் எனக் கொள்வது எண்ணின் குற்றமன்று, எண்ணுவோர் குற்றம்.

இதனினும் கடியது ஆண்ட்ரூ வேக்பீல்டின் கட்டுரை. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஆகியவற்றைத் தடுக்கும் ஊசியோடு மதியிறுக்கத்தை இணைத்து ஐயுறச் செய்த அக்கட்டுரை 1998இல் 'லான்செட்' இதழில் பன்னிரு குழந்தைகளை மட்டும் கொண்டு எழுதப்பெற்றது. உடனெழுதியோருள் பதின்மர் அதன் விளக்கத்தினின்று 2004இல் விலகினர். 2010இல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவ்வாண்டிலேயே பிரித்தானிய மருத்துவர் பட்டியலினின்று அவர் பெயர் நீக்கப்பெற்றது. இடைப்பட்ட காலத்தில் ஊசியை அஞ்சிய பெற்றோர் பலர். தட்டம்மை மீண்டும் பரவிற்று. மேற்கோளெண்ணை மட்டும் நோக்குவார்க்கோ அது பெருஞ்செல்வாக்குடைய கட்டுரை.

அம்மேற்கோள்கள் எத்தகையன என்பதை அமெரிக்க நூலகத்தார் சிலர் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டனர். அக்கட்டுரையை எடுத்தாண்ட 1,153 எழுத்துகளை அவர்கள் ஒவ்வொன்றாகப் படித்து, எதற்காக எடுத்தாளப்பட்டது என வகைப்படுத்தினர். 838 எழுத்துகள் அதனை மறுக்கவோ குறைகூறவோ எடுத்தாண்டவை. எந்திரக் கணக்கில் அம்மறுப்புகள் யாவும் ஆசிரியர் பெயரில் வரவாகவே நிற்கின்றன. அது திரும்பப் பெறப்பட்டதென்னும் குறிப்பே இன்றி எடுத்தாண்டோரும் உளர் என்பதையும் அந்நூலகத்தார் கண்டனர். ஷெப்பர்டின் சிற்றெழுத்துகள் செய்துவந்த வேலையை, நூற்று நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், ஒரு கட்டுரைக்காக மட்டும் அவர்கள் கையாற் செய்து முடித்தனர்.