மூன்று நாள் கப்பல்: சென்னையில் இருந்து போர்ட் பிளேயருக்கு, அங்கிருந்து கட்சாலுக்கு

காங்கேசன்துறை – நாகபட்டினம் கப்பல் 2023 ஒக்ரோபரில் திரும்ப ஓடத் தொடங்கினதில் இருந்து எங்கட ஆக்களுக்குக் கப்பல் ஆசை கூடிப்போச்சு. நாலு பேர் சேர்ந்தால் "அடுத்தது அந்தமான்" எண்டு ஆராவது தொடங்குவினம். சென்னையில் இருந்து போர்ட் பிளேயருக்குக் கப்பல் இருக்கு எண்டது பலருக்குத் தெரியும். அது ஒரு நாட்டுக்குள்ளேயே ஓடுற கப்பல் எண்டதுதான் அதிசயம். சுமார் 1,190 கிலோமீற்றர். பருத்தித்துறையில் இருந்து தெய்வேந்திரமுனை வரை முழு இலங்கையும் 430 கிலோமீற்றர் அளவுதான். அப்படிப் பார்த்தால் இலங்கையின் நீளத்தைப் போல இரண்டே முக்கால் மடங்கு தண்ணீர், நடுவில் ஒரு தீவுகூட இல்லாமல். நேரம் ஏறக்குறைய 60 மணித்தியாலம்.

திட்டமிடுறவருக்கு முதலில் தேவைப்படுவது பொறுமை. மாதத்துக்கு மூன்று நான்கு தடவைதான் சென்னையில் இருந்து கப்பல். கொல்கத்தாவில் இருந்தும் விசாகப்பட்டினத்தில் இருந்தும் வேறு கப்பல்கள் போகும். அட்டவணை வந்தாலும் அதை நம்பித் திரும்பி வாறதுக்கு விமான ரிக்கெற் எடுத்து வைக்கக்கூடாது. இயந்திரம் பழுது, காற்று, துறைமுகத்தில் இடமின்மை என்று ஏதாவது ஒன்றில் ஒரு நாள் பிந்தும். ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் புயல் கிளம்பும். வைகாசிக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்கும். தை தொடங்கிச் சித்திரை வரையான காலம்தான் வயிற்றுக்கு நல்லது.

இடங்களில் மலிவானது பங்க். கப்பலின் கீழ்த்தட்டில் பெரிய மண்டபம், வரிசையாக மேலும் கீழுமாகக் கட்டில்கள். காசு கூடினால் கபின். தீவுவாசிகளுக்கு அடையாள அட்டை இருக்கு, அவர்களுக்குக் கட்டணம் குறைவு. இது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். எங்களுக்கு அது சுற்றுலா. அவர்களுக்கோ அது ஆஸ்பத்திரி, பரீட்சை, செத்தவீடு, கலியாணம் எல்லாத்துக்கும் போற பஸ். போய்வந்த ஆக்கள் எல்லாரும் சொல்லுறது ஒன்று: தலை சுத்தினால் கீழே படுத்துக் கிடக்காமல் மேல்தட்டுக்கு ஏறி, தூரத்தில் தெரியிற கடல்விளிம்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். தின்ன ஏதாவது கட்டிக்கொண்டு போறதும் புத்தி.

இந்தப் பாதையில் ஓடின கப்பல்களுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. "அக்பர்" ஹஜ் யாத்திரிகர்களை மும்பாயில் இருந்து ஜித்தாவுக்கு ஏற்றிப்போன கப்பல். 1990களின் நடுப்பகுதியில் கடல்வழி ஹஜ் பயணம் நின்றபிறகு அந்தமானுக்கு ஓடினது. மக்காவுக்குப் போன படிகளில் பிறகு மீன் வியாபாரியும் கல்லூரிப் பெடியனும் ஏறி இறங்கினார்கள். "நான்கௌரி", "ஹர்ஷவர்த்தனா", "சுவராஜ் தீப்" எல்லாம் அங்கத்தைய ஆக்களுக்கு வீட்டுப் பெயர்கள் மாதிரி.

அதற்கும் முந்திய கப்பலின் பெயர் "மகாராஜா". 1858இல் கைதிகளின் குடியேற்றமாகத் தொடங்கின போர்ட் பிளேயருக்குக் கல்கத்தா, மதராஸ், ரங்கூன் துறைமுகங்களில் இருந்து விலங்கு பூட்டின ஆட்களை அது கொண்டுபோனது. 1906இல் கட்டி முடிந்த செல்லுலார் சிறையில் 698 தனியறைகள். சாவர்க்கர் 1911இல் மதராஸில் இருந்து போனது இந்தக் கப்பலில்தான். "காலாபாணி" எண்டு பயந்தது அந்தக் கடலுக்கு. இதெல்லாம் படங்களிலும் பாடப்புத்தகங்களிலும் வந்திட்டுது. அங்கே போற சுற்றுலாக்காரர் எல்லாரும் ஒலி-ஒளிக் காட்சி பார்த்திட்டுத்தான் வருகினம். ஆராலும் காட்சி போட்டுக் காட்டாத ஒரு கூட்டமும் இந்தக் கடலைக் கடந்து போனது. அது இங்கேயிருந்து, மலையகத்தில் இருந்து போன கூட்டம்.

1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர் ஆக்கினது எங்களுக்குத் தெரியும். 1964 ஒக்ரோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர் 975,000 பேர் என்று கணக்கு. இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்பம். பத்து வருடம் கழித்து, 1974இல், அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக 75,000 படி பிரித்தார்கள். மனிசரைப் பற்றின ஒப்பந்தத்தில் இவ்வளவு உருண்டையான எண்கள் வந்ததைப் பார்த்தாலே தெரியும், தோட்டங்களில் இருந்த ஆரிடமும் கேட்டுப் போட்ட கணக்கு இல்லை இது.

ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் ஆக முதல், 1964 டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியை அடிச்சுக்கொண்டு போனது. இலங்கையில் இருந்து போன படகுகள் போய்ச்சேருற துறை அதுதான். அதனால் பிறகு போனவர்கள் தலைமன்னாரில் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மலையகத்தில் இருந்து தலைமன்னாருக்கு வந்த ரயிலுக்கு "ஒப்பாரிக் கோச்சி" எண்டு பெயர். மு. சிவலிங்கம் தன்ர சிறுகதைத் தொகுப்புக்கு வைத்த தலைப்பும் அதுதான். பாதிக் குடும்பத்துக்கு இந்தியப் பிரசாவுரிமை, மீதிக்கு இலங்கை எண்டு பிரிஞ்சு, ஸ்ரேசனில் ஆளையாள் பிடிச்சு அழுத சனம். கண்டியில் இருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்துக் காகிதங்களை மடிச்சு வைச்சிருந்தவர்கள், தாங்கள் எங்கே போய் வாழப்போறம் எண்டதைத் தாங்களே தீர்மானிச்சவர்கள் இல்லை.

இராமேஸ்வரத்தில் இறங்கினால் மண்டபம் முகாம். அங்கேயிருந்து ஆட்களைப் பங்கு பிரிச்சு அனுப்பினார்கள். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் பக்கம் இறப்பர், கேரளத்தில் புனலூர் பக்கம் இறப்பர், ஆந்திராவில் நூல் ஆலை. எல்லாத்திலும் தூரமான பங்கு, நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கட்சால். 1970களில் அங்கே இறப்பர்த் தோட்டத்துக்குக் கொஞ்சக் குடும்பங்கள் போய்ச் சேர்ந்தன. பாக்கு நீரிணையைத் தாண்டி வந்தவர்களுக்கு இன்னும் ஒரு கடல் மிச்சம் இருந்தது. அது வங்காள விரிகுடா. போர்ட் பிளேயரில் இருந்தும் தெற்கே சுமார் 400 கிலோமீற்றர் தள்ளி இருக்கிற தீவு அது. தாயகம் திரும்புறீங்கள் எண்டு அனுப்பப்பட்டவர்கள், தங்கட பாட்டன் பூட்டன் கண்ணாலும் காணாத மண்ணில் போய் இறங்கினார்கள்.

அரசாங்கத்தின் பக்கத்தில் இருந்து பார்த்தால் இது கெட்டித்தனமான திட்டம். தோட்ட வேலை தெரிந்த, தொகையாகப் பெயர்க்கக்கூடிய, கேள்வி கேட்க வழியில்லாத ஆட்கள் கையில் இருந்தார்கள். முந்தி வெள்ளைக்காரக் கங்காணிமுறை திருச்சி, புதுக்கோட்டைக் கிராமங்களில் இருந்து மலைக்கு ஆட்களைக் கொண்டுவந்ததும் இதே கணக்கில்தான். ஒன்றில் முன்பணக் கடன், மற்றதில் மறுவாழ்வு. பெயர்தான் வேறு.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கு, அதை மறைச்சு எழுதக்கூடாது. கட்சால் வெறும் தீவு இல்லை. அது நிக்கோபாரிகளின் மண். 1956இல் வந்த பழங்குடிப் பாதுகாப்புச் சட்டவிதிப்படி வெளியார் அனுமதி இல்லாமல் அங்கே போகேலாது. ஆனால் அதே அரசாங்கம் காட்டை வெட்டி இறப்பர் வைச்சது, வெளியாரைக் கூட்டிவந்து குடியேற்றினது. மலையகத்தில் "கள்ளத்தோணி" எண்டு பேச்சு வாங்கின சனத்தை, இன்னொரு சனத்தின் தீவில் வந்தேறிகளாக நிறுத்தினது. இரண்டு தரப்பையும் ஆரும் கேட்கவில்லை. பிழை ஆரில எண்டு கேட்டால், தோட்டத்தில் பால் வெட்டினவரில் இல்லை எண்டதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

2000ஆம் ஆண்டு பிறந்தபோது கட்சாலின் பெயர் உலகச் செய்தியில் வந்தது. புத்தாயிரத்தின் முதல் சூரியனை இந்தியாவில் பார்க்கலாம் எண்டு ஆட்கள் அங்கே போனார்கள். ஐந்து வருடத்துக்குள், 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. நிக்கோபாரில் அதிகம் அடிபட்ட தீவுகளில் கட்சாலும் ஒன்று. 2001 கணக்கெடுப்பில் ஐயாயிரத்துக்கு மேலே இருந்த சனத்தொகை 2011இல் மூவாயிரத்துக்கும் கீழே. அண்டைக்கு முல்லைத்தீவிலும் கல்முனையிலும் எங்கட சனம் அழுதுகொண்டிருந்தது. அதே கடல், அதே காலமை.

1984இல் போரோடு தலைமன்னார்க் கப்பல் நிண்டது. அதோடு ஒப்பந்தப்படி போகவேண்டிய மிச்சப் பேரின் பயணமும் நிண்டது. பெயர் பதிந்து, போகாமல், இங்கேயே வாழ்ந்து முடித்தவர்கள் இருக்கினம். 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்த நடைபவனி வந்து இறங்கினவர்களின் பாதையை நினைச்சு நடந்தது. திரும்பி அனுப்பப்பட்டவர்களின் பாதை அதே இடத்தில் எதிர்ப்பக்கமாகத் திரும்பி, கடலில் போய், ஐந்தாறு மாநிலங்களுக்குப் பிரியுது. அதை ஆரும் நடந்து காட்டேலாது.

அதனால் அந்தமானுக்குத் திட்டம் போடுறவர்களுக்கு இன்னும் ஒரு விபரம். இலங்கைக் கடவுச்சீட்டோடு போறவருக்குப் போர்ட் பிளேயருக்கு வழி இருக்கு. அங்கே போனால், விடிய ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்திடும். கடிகாரம் இந்திய நேரம், சூரியன் பர்மாப் பக்கத்து நேரம். 2024 செப்ரெம்பரில் நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் எண்டு பெயர் மாற்றினார்கள், ஆனாலும் பழைய பெயரைத்தான் சனம் சொல்லுது. 2011 கணக்குப்படி அந்தமான் நிக்கோபாரில் தமிழ் பேசுறவர்கள் சுமார் 57 ஆயிரம் பேர், மொத்தத்தில் 15 வீதமளவு. வழி கேட்கத் தமிழே போதும். நிக்கோபாருக்குப் போற உள்கப்பலில் ஏற இந்தியருக்கே விசேட அனுமதி வேணும். எங்களுக்கு அது கிடையாது. கட்சாலில் ஆருக்காவது மாமாவோ பெரியம்மாவோ இருந்தால், அவர்கள்தான் கப்பலேறி வடக்கே வரவேண்டும்.