இரைச்சலை எண்ணாக்கிய செவி: மின்காந்த இணக்கச் சோதனையின் வரலாற்றில் கேட்பவரும் அண்டை வீட்டாரும்

ஆய்வுச் சுருக்கம்

மின் கருவி ஒன்று சந்தைக்கு வருமுன், அது பிற கருவிகளின் பணியைக் கெடுக்கிறதா என்று சோதித்தறியும் வழக்கம் வானொலி கேட்போரின் முறையீட்டிலிருந்து வளர்ந்தது. அச்சோதனையின் அளவீட்டு முறை எவ்வாறு உருவானது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. 1930களின் செவி உணர்ந்த எரிச்சல் இன்றைய அளவுக் கருவியின் அமைப்பிலும் தொடர்கிறது என்பதும், பொருளை வாங்காத மூன்றாம் தரப்பைக் காப்பதற்கே இவ்விதிகள் எழுந்தன என்பதும் இதன் வாதங்கள்.

திறவுச்சொற்கள்: மின்காந்த இணக்கம், வானொலி இரைச்சல், சிஸ்பர், குவாசி-பீக் அளவீடு, தர நிர்ணயம், தொழில்நுட்ப வரலாறு

தீயும் இரைச்சலும்

1893ஆம் ஆண்டு சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சி மின்விளக்குகளால் ஒளியூட்டப்பட்டது. மின்சாரம் அன்று மக்களுக்குப் புதுமை. தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்கோ அச்சம். கண்காட்சியின் மின் அமைப்புகளை ஆராயும் பொறுப்பு வில்லியம் ஹென்றி மெரில் என்னும் இளம் பொறியாளருக்குக் கிடைத்தது. காப்பீட்டாளர்களின் ஆதரவோடு 1894இல் அவர் தொடங்கிய சோதனைக்கூடமே பிற்காலத்தில் ‘அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ்’ எனப் பெயர் பெற்றது. மின் பாதுகாப்புச் சோதனையின் வரலாறு பெரும்பாலும் இவ்விடத்திலிருந்தே எழுதப்படுகிறது.

மின்காந்த இணக்கச் சோதனை இன்று அதே கூரையின்கீழ், பல வேளைகளில் அதே பொறியாளரால் நடத்தப்படுகிறது. ஒரே அறிக்கையின் இரு பகுதிகளாகவும் அவை அமைவதுண்டு. எனினும் இரண்டின் பிறப்பும் வேறு. தீ சாம்பலை விட்டுச்செல்லும், இழப்பைக் கணக்கிடலாம், காப்பீட்டாளர் அதற்கு விலை வைக்கலாம். ஒரு மோட்டாரின் தீப்பொறியால் பக்கத்து வீட்டு வானொலியில் எழும் கரகரப்புக்கு அத்தகைய தடயம் இல்லை. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. பாதுகாப்புச் சோதனை முதன்மையாகக் கருவியை வாங்கிப் பயன்படுத்துபவரைக் காக்கிறது. உமிழ்வுச் சோதனை காப்பது, அந்த விற்பனையில் எந்தப் பங்கும் இல்லாத அண்டை வீட்டாரை. வாங்குபவருக்குப் பயனில்லாத ஒன்றிற்காக உற்பத்தியாளர் செலவிட வேண்டும் என்பதால், இத்துறையில் சந்தையின் தூண்டுதல் வலுவற்றதாகவே இருந்தது, சட்டம் தேவைப்பட்டது.

அத்தகைய சட்டத்தின் முன்மாதிரி வானொலிக்கும் முந்தியது. 1892இல் செருமானியப் பேரரசு இயற்றிய தந்திச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஒரு மின் அமைப்பு மற்றொன்றின் இயக்கத்தைக் கெடுத்தாலோ கெடுக்கும் என்ற அச்சம் இருந்தாலோ, பின்னர் வந்து அந்நிலையை உண்டாக்கியவரே தம் செலவில் அதைத் தவிர்க்க வேண்டும் என்றது. முந்தி வந்தவருக்கே உரிமை என்னும் நிலவுரிமைச் சிந்தனை இதில் தெளிவாகத் தெரிகிறது. தந்திக் கம்பியும் மின்கம்பியும் அருகருகே செல்லும் உலகில் இந்த விதி போதுமானதாக இருந்தது. யார் முந்தியவர், யார் பிந்தியவர் என்று சுட்டிக்காட்ட முடிந்தது. ஒலிபரப்பு வந்தபின் அது இயலாமற்போயிற்று. ஒரு தெருவில் நூறு வானொலிப் பெட்டிகளும் நூறு மோட்டார்களும் இருக்கும்போது, எந்த மோட்டார் எந்த வானொலியைக் கெடுத்தது என்று ஒவ்வொரு வழக்காகத் தீர்ப்பது நடவாத செயல். ஒவ்வொரு கருவியும் தொழிற்சாலையைவிட்டு வெளியேறுமுன்னரே அதற்கொரு வரம்பு வேண்டியிருந்தது.

எரிச்சலின் இலக்கணம்

அவ்வரம்பை நாடுதோறும் வெவ்வேறாக வைத்தால் வணிகம் தடைப்படும். இந்தக் கவலையும் ஒலிபரப்பாளரின் முறையீடும் சேர்ந்தே 1934இல் பாரிசில் ஒரு சிறப்புக் குழு கூடக் காரணமாயின. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையமும் பன்னாட்டு ஒலிபரப்பு ஒன்றியமும் அதில் பங்கேற்றன. பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளால் அது ‘சிஸ்பர்’ என வழங்கப்பட்டது. கேட்பவரைக் காப்பதும் வணிகத் தடையை நீக்குவதும் அதன் இரு நோக்கங்கள். இவ்விரண்டுள் எது முதன்மையானது என்பதில் பிற்கால எழுத்துகள் வேறுபடுகின்றன. தொடக்கத்திலிருந்தே இரண்டும் பிரிக்கமுடியாதவாறு கலந்திருந்தன என்று கொள்வதே பொருந்தும்.

குழுவின்முன் இருந்த முதற் சிக்கல் வரம்பு எவ்வளவு என்பதன்று. எதை அளப்பது என்பதே. மின்னழுத்தத்தின் உச்சத்தை அளக்கலாம், சராசரியையும் அளக்கலாம். ஆனால் ஒரு நொடிக்கு ஒருமுறை ‘டக்’கென்று கேட்கும் ஒலியும், நொடிக்கு நூறுமுறை எழும் தொடர் கரகரப்பும் ஒரே உச்சத்தைக் கொண்டிருந்தாலும், கேட்பவருக்கு அவை ஒரே தொல்லையாக இருப்பதில்லை. முதலாவதைப் பொறுத்துக்கொண்டு செய்தியைக் கேட்டு முடிக்கலாம். இரண்டாவது பேச்சையே விழுங்கிவிடும். சராசரியோ இடைவெளி விட்டு எழும் தொல்லையை இல்லாததுபோல் காட்டிவிடும்.

இதற்கு விடையாக அமைந்ததே ‘குவாசி-பீக்’ எனப்படும் அளவீட்டு முறை. உச்சத்தை நோக்கி விரைந்து ஏறி, மெல்ல இறங்கும் ஒரு மின்சுற்று அதன் உள்ளீடு. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட வானொலி அலைவரிசைகளுக்கு ஏற்றத்தின் கால மாறிலி 1 மில்லிநொடி, இறக்கத்தினது 160 மில்லிநொடி. துடிப்புகள் அடுத்தடுத்து வந்தால் சுற்று இறங்குமுன் மீண்டும் ஏற்றப்படும். எனவே அளவு உயரும். அரிதாக வந்தால் இறங்கிவிடும். நொடிக்கு 100 துடிப்புகள் தரும் அளவையே நொடிக்கு ஒரு துடிப்பும் தரவேண்டுமானால், அத்துடிப்பு 22.5 டெசிபல் மிகுதியாக, அதாவது ஏறத்தாழ 13 மடங்கு வலிதாக இருக்கவேண்டும். தனித்த ஒரு துடிப்புக்கு இது 23.5 டெசிபல். அளவியின் பட்டையகலம் 9 கிலோஹெர்ட்ஸ். இவ்வெண்ணும் தற்செயலானதன்று, நடுஅலை நிலையங்களுக்கிடையே விடப்படும் இடைவெளியோடு அது ஒத்துப்போகிறது.

ஆக, இந்த அளவுக் கருவி இயற்பியல் அளவு ஒன்றை மட்டும் அளப்பதன்று. நடுஅலையில் பேச்சும் இசையும் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரின் பொறுமை எவ்விடத்தில் தீரும் என்பதன் மாதிரி அது. 1977இல் தொகுத்து வெளியிடப்பட்ட சிஸ்பர் 16 என்னும் ஆவணமும், அதன் இன்றைய பதிப்புகளும் இம்மாதிரியைத் தொடர்ந்து காத்துவருகின்றன.

வீட்டுக் கருவிகளுக்கான சிஸ்பர் 14 இதே தர்க்கத்தை இன்னும் நுணுக்கமாக்கியது. குளிர்பதனப் பெட்டியின் வெப்பக் கட்டுப்பாட்டு முனை மூடித்திறக்கும்போது எழும் ஒலியை அது ‘கிளிக்’ என்று வரையறுக்கிறது: 200 மில்லிநொடிக்கு மேல் நீளாதது, அடுத்ததிலிருந்து குறைந்தது 200 மில்லிநொடி விலகியிருப்பது. கிளிக் எத்தனை நிமிடத்திற்கு ஒருமுறை வருகிறதோ அதற்கேற்ப வரம்பு தளர்கிறது. நிமிடத்திற்கு 30 கிளிக் என்றால் தளர்வு இல்லை. 3 என்றால் 20 டெசிபல், அதாவது பத்து மடங்கு. ஐந்து நிமிடத்திற்கு ஒன்றைவிடவும் அரிதென்றால் 44 டெசிபல். அவ்வாறு தளர்த்தப்பட்ட வரம்பையும் கிளிக்குகளில் கால்பங்கு மீறலாம். பெருமளவில் உற்பத்தியாகும் கருவிகளுக்குச் சிஸ்பர் வகுத்த புள்ளியியல் விதியும் இவ்வகையினதே: 80 விழுக்காட்டுக் கருவிகள் வரம்புக்குள் இருக்கின்றன என்பது 80 விழுக்காட்டு உறுதியோடு தெரிந்தால் போதும். பாதுகாப்புச் சோதனையில் ஐந்தில் ஒரு கருவி மின்னதிர்ச்சி தரலாம் என்று எந்தக் குழுவும் எழுதாது. இரைச்சலைப் பொறுத்தவரை இது எழுதக்கூடியதாயிற்று. கேட்பவர் முழுமையாகக் காக்கப்படவில்லை. பேரம் ஒன்றின்வழி காக்கப்பட்டார்.

செவி இல்லாத ஏற்பி

படைத்துறையின் பாதை வேறு. அங்கு இரைச்சலை ஏற்பது மனிதச் செவியன்று. ரேடாரும் வழிகாட்டுக் கருவியும் வெடிதூண்டியுமே. ஒரே ஒரு துடிப்பும் அங்குத் தீங்கு செய்யலாம். ஆகவே அமெரிக்கப் படைத்துறையின் மில்-ஸ்டாண்டர்டு 461 குவாசி-பீக்கை விடுத்து உச்ச அளவையே தேர்ந்தது. அதன் முதல் பதிப்பு நாள் 31 ஜூலை 1967. இரண்டு நாள் முன்பு, ஜூலை 29 அன்று, ஃபாரஸ்டல் என்னும் விமானந்தாங்கிக் கப்பலில் ராக்கெட் ஒன்று தானாகப் பாய்ந்து மூண்ட தீயில் 134 பேர் இறந்தனர். மின்காந்த இணக்கம் பற்றிய பாடநூல்கள் பல இத்துறையின் தேவையை இந்நிகழ்ச்சியைக் காட்டியே விளக்குகின்றன; நாசா 1995இல் வெளியிட்ட தொகுப்பொன்றும் ரேடார் அலையையே காரணமாகச் சொல்கிறது. கடற்படையின் விசாரணையோ விமானத்தின் மின்வழங்கலை மாற்றிய கணத்தில் எழுந்த மின்னெழுச்சியைச் சுட்டியது. எவ்வாறாயினும், இரண்டு நாளில் ஒரு தரநிலை உருவாகாது. துறைகள் தமக்கென்று தோற்றக் கதைகளை விரும்புகின்றன என்பதற்கு இதுவொரு சான்று.

கணிப்பொறி வீட்டுக்குள் வருதல்

1975இல் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கணிப்பொறி ஆர்வலர் கூட்டமொன்றில் ஸ்டீவ் டாம்பியர் ஆல்டேர் 8800 கணிப்பொறியின் அருகே சிறு வானொலி ஒன்றை வைத்தார். கணிப்பொறியில் ஒலிபெருக்கி ஏதும் இல்லை. அவர் எழுதிய நிரல் ஓடியபோது, கணிப்பொறி உமிழ்ந்த அலைகளால் வானொலியில் பீட்டில்ஸ் குழுவின் பாடல் ஒன்று ஒலித்தது. கூடியிருந்தோர் கைதட்டினர். பின்னர் டி.ஆர்.எஸ்.-80 கணிப்பொறிக்கு எழுதப்பட்ட சில விளையாட்டுகளும் இதே முறையில் பக்கத்து வானொலியின்வழி ஒலி எழுப்பின. சட்டத்தின் நோக்கில் இடையூறாகக் கருதப்படுவது இங்கே இசையாக வரவேற்கப்பட்டது. வேறுபாடு வானொலி யாருடையது என்பதில்தான்.

அண்டை வீட்டார் கைதட்டவில்லை. தொலைக்காட்சித் திரையில் கோடுகள் ஓடின. அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1979இல் கணிப்பொறிகளுக்கான உமிழ்வு வரம்புகளை ஏற்றது. வணிக இடங்களுக்கு ‘ஏ’ வகுப்பு. வீடுகளுக்கு அதைவிடக் கடுமையான ‘பி’ வகுப்பு. பி வகுப்பில், 3 மீட்டர் தொலைவில் 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட் என்பது வரம்பு. உமிழ்வு விதிகளின் தாக்கம் கருவிகளின் உடலிலேயே தெரிந்தது. அட்டாரி 400, 800 கணிப்பொறிகள் கனத்த அலுமினிய வார்ப்புக் கவசத்தோடு வந்தன. ஆப்பிள் II, தொலைக்காட்சியோடு இணைக்கும் பண்பேற்றியைத் தன்னுடன் தராமல், வேறொரு நிறுவனம் தனியாக விற்கும்படி விட்டது. டி.ஆர்.எஸ்.-80இன் முதல் மாதிரி புதிய விதிக்கு உட்பட இயலாமல் 1981இன் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது.

சிஸ்பர் தகவல்தொழில்நுட்பக் கருவிகளுக்கான தன் 22ஆம் வெளியீட்டை 1985இல் கொண்டுவந்தது. இதில் வீட்டுச் சூழல் என்பதற்குத் தரப்படும் வரையறை கவனிக்கத்தக்கது: கருவியிலிருந்து 10 மீட்டருக்குள் வானொலியோ தொலைக்காட்சியோ இயங்கக்கூடும் என்று எதிர்பார்க்கத்தக்க இடமே வீட்டுச் சூழல். சுவரும் கூரையும் குடும்பமும் இவ்வரையறையில் இல்லை. கேட்பவர் இருக்கும் தொலைவே வீட்டை வரையறுக்கிறது. சோதனைத் திடலில் கருவியை 0.8 மீட்டர் உயர மேசையில் வைத்துச் சுழற்றி, அலைவாங்கியை 1 முதல் 4 மீட்டர் வரை ஏற்றியிறக்கி, மிகப்பெரிய அளவைத் தேடுவது, அந்த அண்டை வீட்டாருக்கு நேரக்கூடிய மிக மோசமான நிலையைத் தேடுவதே.

கணிப்பொறியின் கடிகாரத் துடிப்போ நொடிக்குப் பல இலட்சம் முறை எழுவது. அதற்குக் குவாசி-பீக் அளவும் உச்ச அளவும் ஏறத்தாழ ஒன்றே. செவியைப் போலச் செய்யப்பட்ட சுற்று அங்கே வேலையற்று நிற்கிறது. ஆயினும் அளவியிலிருந்து அது நீங்கவில்லை.

தாங்குதிறனும் இந்திய நிலையும்

1989இல் ஐரோப்பியச் சமூகம் வெளியிட்ட 89/336 நெறியுரை 1996 சனவரி முதல் கட்டாயமாயிற்று. உமிழக்கூடாது என்பதோடு, சூழலில் உள்ள இடையூற்றைத் தாங்கவும் வேண்டும் என்று அது பொதுவிதி வகுத்தது. வீட்டுக் கருவி மீட்டருக்கு 3 வோல்ட் புலத்தையும், விரல் தொடும்போது பாயும் நிலைமின்னுக்கு ஈடாக 4 கிலோவோல்ட் தொடு மின்னிறக்கத்தையும் தாங்கவேண்டும் என்பன அதன்கீழ் வந்த தரநிலைகளின் வழக்கமான அளவுகள். பொறுப்பின் ஒரு பகுதி இவ்வாறு இடையூறு செய்பவரிடமிருந்து பாதிக்கப்படுபவருக்கு நகர்ந்தது. 1892ஆம் ஆண்டுச் சட்டத்தின் நீதியிலிருந்து இது பெரும் விலகல்.

இந்தியாவில் சோதனை வசதி கட்டாயச் சட்டத்திற்கு முந்தியே வந்தது. சென்னைத் தரமணியில் இயங்கும் ‘சமீர்’ நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இத்துறையில் நன்கறியப்பட்டது. மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012இல் பிறப்பிக்கப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்தபோது, அது சுட்டிய ஐ.எஸ். 13252, ஐ.எஸ். 616 போன்றவை பாதுகாப்புத் தரநிலைகளாகவே இருந்தன. வாங்குபவர் காக்கப்பட்டார், அண்டை வீட்டார் காத்திருந்தார். தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு 2019 அக்டோபரில் தொடங்கிய கட்டாயச் சோதனைத் திட்டமே மின்காந்த இணக்கத்தையும் சேர்த்துக்கொண்டது.

ஊர்தியும் நடுஅலையும்

ஊர்திகளுக்கான விதிகளில் இவ்வரலாற்றின் முரண் துலங்குகிறது. சிஸ்பர் 12உம், மின் ஊர்திகளுக்கென 2020இல் வந்த சிஸ்பர் 36உம் ஊர்திக்கு வெளியே உள்ள வானொலிகளைக் காப்பவை. ஊர்திக்குள் இருக்கும் வானொலியைக் காக்கும் சிஸ்பர் 25, பெரும்பாலும் உற்பத்தியாளரும் உதிரிபாகம் வழங்குவோரும் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடாகவே இயங்குகிறது. மின் ஊர்தியின் மின்மாற்றச் சுற்றுகள் நடுஅலைப் பகுதியிலேயே வலுவாக உமிழ்கின்றன. கவசமிடுவது செலவு, வானொலியை நீக்குவது எளிது. டெஸ்லா, பி.எம்.டபிள்யூ. உள்ளிட்ட நிறுவனங்கள் தம் மின் ஊர்திகளிலிருந்து நடுஅலை ஏற்பியை அகற்றின. ஃபோர்டு 2024ஆம் ஆண்டு மாதிரிகளில் அவ்வாறே செய்ய முனைந்து, நெருக்கடிநிலை அறிவிப்புகள் மக்களைச் சேர நடுஅலை வேண்டும் என்ற எதிர்ப்பு எழுந்தபின் 2023 மே மாதத்தில் அம்முடிவைத் திரும்பப் பெற்றது. புதிய ஊர்தி ஒவ்வொன்றிலும் நடுஅலை வானொலி இருக்கவேண்டும் என்னும் சட்டமுன்வரைவு அதே மாதம் அமெரிக்கக் காங்கிரசில் முன்வைக்கப்பட்டது.