நெடுஞ்சாலையும் மூன்று பேர்ச் காணியும்

கொழும்பின் புறநகரான கொட்டாவையில் இருந்து காலி வரையிலான தெற்கு அதிவேக நெடுஞ்சாலை 2011 நவம்பர் 27ஆம் திகதி போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டபோது இலங்கை தனது முதலாவது அதிவேக நெடுஞ்சாலையைப் பெற்றது. கடற்கரையை ஒட்டிச் செல்லும் பழைய காலி வீதியில் மூன்று மணித்தியாலங்களுக்கு மேல் எடுத்த பயணம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலமாகச் சுருங்கியது. 1895ஆம் ஆண்டில் ரயில் பாதை மாத்தறையைச் சென்றடைந்ததற்குப் பிறகு தென்பகுதி மக்கள் கண்ட மிகப்பெரிய போக்குவரத்து மாற்றம் இதுவே எனலாம். அந்த நெடுஞ்சாலை தேவையில்லை என்று இன்று வாதிடுபவர்களைக் காண்பது அரிது. ஆனால், அது அமைக்கப்படுவதற்கு முன்னர் பல வருடங்களாக மூண்டிருந்த சர்ச்சையில் முன்வைக்கப்பட்ட கேள்விகள் எவையும் நெடுஞ்சாலை திறக்கப்பட்டதுடன் விடைகண்டுவிடவில்லை. நாடு வங்குரோத்து நிலையடைந்து வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இடைநிறுத்தியதற்குப் பிறகு அந்தக் கேள்விகளைத் திரும்பிப் பார்ப்பது முன்னரை விடவும் அவசியமாகிறது.

தென்பகுதிக்கு ஒரு நெடுஞ்சாலை என்ற யோசனை 1990களில் உருப்பெற்றது. வீதி அபிவிருத்தி அதிகார சபை முதலில் ஒரு வழித்தடத்தை வரைந்தது. தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் பிரகாரம் இத்தகைய பாரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டிருந்தது. அதன்படி மொறட்டுவைப் பல்கலைக்கழகம் தயாரித்த மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. வீதி அபிவிருத்தி அதிகார சபையின் மூல வழித்தடத்துக்கு மாற்றாக, குடியிருப்புகளுக்கும் சுற்றாடலுக்கும் ஏற்படக்கூடிய பாதிப்பைக் குறைக்கும் நோக்கில், 'ஒருங்கிணைந்த வழித்தடம்' என்ற பெயரில் இன்னொரு பாதையும் முன்வைக்கப்பட்டது. மத்திய சுற்றாடல் அதிகார சபை நிபந்தனைகளுடன் 1999 ஜூலையில் அங்கீகாரம் வழங்கியது. வேரஸ் கங்கை, கொக்கல ஆகிய பகுதிகளின் ஈரநிலங்களைத் தவிர்த்துச் செல்லவேண்டும் என்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று. அதே ஆண்டு நவம்பரில் ஆசிய அபிவிருத்தி வங்கி 90 மில்லியன் டொலர் கடனுக்கு அனுமதியளித்தது. கொட்டாவையில் இருந்து குருந்துகஹஹெதெக்ம வரையிலான பகுதிக்கு ஜப்பானின் கடனும் அங்கிருந்து தெற்கே செல்லும் பகுதிக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனும் என்பதே ஏற்பாடு.

இதுவரையில் எல்லாம் சட்டப்புத்தகத்தில் உள்ளபடியே நடந்தன. சிக்கல் அதற்குப் பிறகுதான் தோன்றியது. ஈரநிலங்களைத் தவிர்ப்பதற்கு என்று கூறிப் பாதை பல இடங்களில் விலத்தப்பட்டது. 'இறுதி வழித்தடம்' என்று பெயரிடப்பட்ட இந்த மூன்றாவது பாதை, மதிப்பீட்டு அறிக்கையில் ஆராயப்பட்ட இரு பாதைகளுக்கும் வெளியே சில கிராமங்களுக்கு ஊடாகச் சென்றது. பண்டாரகம, அக்மீமன ஆகிய பகுதிகளில் வாழ்ந்த மக்களைப் பொறுத்தவரை, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்களின் கருத்துக்காக வைக்கப்பட்டிருந்த காலத்தில் அதைப் போய்ப் பார்ப்பதற்கு அவர்களுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. பாதை அப்போது அவர்களின் ஊரால் செல்லவில்லை. நில அளவையாளர்கள் வந்து தங்களது வளவுகளில் கட்டைகளை அடித்தபோதே விடயம் அவர்களுக்குத் தெரியவந்தது. ஆட்சேபம் தெரிவிப்பதற்கான காலம் அதற்குள் முடிந்துவிட்டது என்பது அவர்களுக்குக் கிடைத்த பதில்.

இங்கே காணி சுவீகரிப்புச் சட்டத்தைப் பற்றிச் சற்று விளக்கமாகக் கூறவேண்டியிருக்கிறது. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அது. பொதுத் தேவைக்காகக் காணி ஒன்று வேண்டும் என்று அமைச்சர் தீர்மானித்தால் 2ஆம் பிரிவின் கீழ் முதலில் அறிவித்தல் ஒட்டப்படும். பிறகு ஆட்சேபங்கள் கேட்கப்படும். அதற்குப் பிறகு 5ஆம் பிரிவின் கீழ் பிரகடனம், 7ஆம் பிரிவின் கீழ் உரித்துக் கோரல், விசாரணை, 17ஆம் பிரிவின் கீழ் இழப்பீட்டுத் தீர்ப்பு என்று அது படிப்படியாகச் செல்லும். ஆனால், 38ஆம் பிரிவின் 'அ' வாசகம் என்ற ஒன்று இருக்கிறது. அவசரத் தேவை என்று அமைச்சர் கட்டளையிட்டால், இழப்பீடு தீர்மானிக்கப்படுவதற்கு முன்னரேயே காணியை அரசு உடைமையாக்கிக்கொள்ளமுடியும். அவசரம் என்றால் என்ன என்பதை அமைச்சரே தீர்மானிப்பார். பல வருடங்களாகத் திட்டமிடப்பட்ட ஒரு நெடுஞ்சாலைக்குக் கூட அந்த அவசர வாசகம் பயன்படுத்தப்பட்டது என்பதில் இருந்தே அது எவ்வளவு தூரத்துக்கு விதிவிலக்காக இருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள் அகற்றப்படவேண்டியிருந்தன. காணியின் சந்தை விலைக்கு மாத்திரம் இழப்பீடு கிடைத்தால் அந்தப் பணத்தில் வேறு எங்கும் வீடு கட்டமுடியாது என்பது கிராமவாசிகளின் அச்சம். அது நியாயமானதே. ஆண்டுக்கணக்கில் பழைய வீட்டின் பெறுமதி தேய்ந்துபோயிருக்கும். புதிய வீட்டுக்கு வேண்டிய சீமெந்தும் மரமும் தேய்வதில்லை. கடன் வழங்கியவர்களின் நிர்ப்பந்தமும் மக்களின் எதிர்ப்பும் சேர்ந்து, காணி சுவீகரிப்பு மற்றும் மீள்குடியேற்றக் குழு என்ற புதியதொரு பொறிமுறையைத் தோற்றுவித்தன. பிரதேச செயலாளர் மட்டத்தில் உரிமையாளரை நேரில் அழைத்து, புதிதாக ஒரு வீட்டைக் கட்டுவதற்கு ஆகும் செலவை அடிப்படையாகக் கொண்டு இழப்பீட்டைப் பேசித் தீர்மானிப்பதே அதன் வழிமுறை. இலங்கையில் காணியை இழப்பவர் ஒருவர் அதிகாரிகளின் மேசைக்கு முன்னால் அமர்ந்து தனது விலையைக் கூறக்கூடியதாக இருந்தது அதுவே முதற்தடவை என்று கூடச் சொல்லலாம். விருப்பத்துக்கு மாறான மீள்குடியேற்றம் தொடர்பான தேசியக் கொள்கைக்கு அமைச்சரவை 2001 மே மாதத்தில் அங்கீகாரம் வழங்கியதற்கும் இந்தத் திட்டமே பிரதான தூண்டுதல்.

நெடுஞ்சாலைக்கு எதிராகக் குரல்கொடுத்தவர்கள் அபிவிருத்திக்கு எதிரானவர்கள், தென்பகுதியின் முன்னேற்றத்தைக் காணப் பொறுக்காதவர்கள் என்றெல்லாம் வசைபாடப்பட்டார்கள். உண்மையில் அவர்களில் பெரும்பாலானோர் நெடுஞ்சாலை வேண்டாம் என்று கூறவில்லை. ஆராயப்பட்டு அனுமதிக்கப்பட்ட பாதையிலேயே அதை அமையுங்கள் என்பதே அவர்களின் கோரிக்கை. அந்த நாட்களில் எமது தமிழ்ப் பத்திரிகைகளில் இந்தச் சர்ச்சை உட்பக்கத்தில் ஒரு சிறிய செய்தியைத் தாண்டவில்லை என்பதை இங்கு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். போரும் பிறகு 2002 போர்நிறுத்தமும் சமாதானப் பேச்சுவார்த்தைகளும் முன்பக்கங்களை நிறைத்துக்கொண்டிருந்த காலம் அது. சிங்களக் கிராமங்களின் காணிப் பிரச்சினை எமக்குத் தூரத்து விவகாரமாகத் தெரிந்தது.

பாதிக்கப்பட்ட கிராமவாசிகள் சிலர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார்கள். நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகளைக் கொண்ட குழு ஒன்றை நியமித்து நிலைமையை ஆராயச் செய்தது. பாதையில் செய்யப்பட்ட மாற்றங்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அங்கீகாரம் பெறப்பட்டிருக்கவேண்டும், பாதிக்கப்படுபவர்களின் கருத்தும் கேட்கப்பட்டிருக்கவேண்டும் என்பதை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2003 மேயில் வழங்கிய தீர்ப்பில் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. பல நூறு கோடி ரூபா பெறுமதியான ஒரு தேசியத் திட்டத்துடன் ஒப்பிடும்போது சிலருக்கு ஏற்படும் இழப்பு மிகவும் சொற்பமானது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். உங்களுக்கு அநீதி இழைக்கப்பட்டது உண்மை, ஆனால் உங்களது வீடு சிறியது என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2004 ஜனவரி 20ஆம் திகதி தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ. அடிப்படை உரிமைகள் தொடர்பான இலங்கையின் சட்டவியலை வளர்த்தெடுத்த நீதியரசர்களில் முதன்மையான ஒருவர் அவர். சாதாரண கிராமவாசி ஒருவரின் துண்டுக் காணியும் குடிசையும் பெறுமதி குறைந்தவை என்பதற்காக அவரது உரிமை மீறப்பட்டதை முற்றாகப் புறக்கணித்துவிடமுடியாது என்று அவர் கூறினார். சமூகத்தின் நன்மைக்காகச் சிலர் மாத்திரம் தியாகம் செய்யுமாறு கேட்கப்படும்போது, சட்டத்தின் சமமான பாதுகாப்பு என்ற அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை அவர்களுக்குக் கைகொடுக்கவேண்டும் என்பது அவரது நியாயம். மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தராசை அவர் தலைகீழாகப் பிடித்தார் என்றே சொல்லவேண்டும். இழக்கும் சொத்து எவ்வளவுக்குச் சிறியதோ அவ்வளவுக்கு இழப்பீட்டுக்கான உரிமை பெரியது என்பது அவர் வந்தடைந்த முடிவு. அரசின் அதிகாரம் பொதுமக்களின் பேரில் நம்பிக்கைப் பொறுப்பாக வகிக்கப்படுவது என்ற கோட்பாட்டை அவர் அந்தத் தீர்ப்பில் மீண்டும் வலியுறுத்தினார்.

பாதையை மாற்றுமாறு நீதிமன்றம் உத்தரவிடவில்லை. மேன்முறையீடு செய்தவர்களுக்கு இழப்பீடு வழங்குமாறு பணித்தது. நெடுஞ்சாலை வரையப்பட்ட இடத்தாலேயே சென்றது. இதை வெற்றி என்பதா தோல்வி என்பதா? சட்ட மாணவர்களுக்கு அது இன்று வரை ஒரு முன்னுதாரணத் தீர்ப்பு. வீடு இருந்த இடத்தில் மண் அணை எழுந்ததைப் பார்த்தவர்களுக்கு அது வேறொன்று.

மக்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. பாதிக்கப்பட்ட சமூகங்களின் கூட்டமைப்பு 2004 டிசம்பரில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் இணக்க மீளாய்வுக் குழுவிடம் முறைப்பாடு செய்தது. அந்தக் குழு அப்போதுதான் புதிதாக அமைக்கப்பட்டிருந்தது. அது கையிலெடுத்த முதலாவது முறைப்பாடே இலங்கைக் கிராமவாசிகளுடையது. சுற்றாடல், மீள்குடியேற்றம் ஆகியவை உட்படத் தனது சொந்தக் கொள்கைகளையே வங்கி இந்தத் திட்டத்தில் உரியமுறையில் பின்பற்றவில்லை என்று 2005ஆம் ஆண்டில் அது அறிக்கை சமர்ப்பித்தது. மாற்றப்பட்ட வழித்தடத்துக்கு முறையான மதிப்பீடு செய்யப்படவில்லை என்பது கண்டறியப்பட்டவற்றில் முக்கியமானது. மணிலாவில் அமர்ந்திருப்பவர்களைக் கேள்வி கேட்கமுடியும் என்பதை ஆசியாவின் ஏனைய நாட்டு மக்களுக்குக் காட்டியவர்கள் களுத்துறை, காலி மாவட்டங்களின் கிராமவாசிகள்தான்.

இதற்கிடையில் 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி தெற்குக் கரையோரத்தைத் துவம்சம் செய்தது. காலி வீதியும் ரயில் பாதையும் சிதைந்து கிடந்த காட்சிக்குப் பிறகு, உள்நாட்டால் செல்லும் ஒரு மாற்றுப் பாதை வேண்டும் என்ற வாதத்துக்குப் பதில் கூறுவது எவருக்கும் கடினமாகிப் போனது. தாமதங்களால் செலவு ஏறிக்கொண்டே சென்றது. 2008ஆம் ஆண்டில் ஆசிய அபிவிருத்தி வங்கி மேலும் 90 மில்லியன் டொலர்களை வழங்கியது. தாமதத்துக்கு வழக்குப் போட்டவர்களே காரணம் என்று அரசியல்வாதிகள் கூறினர். முதல் தடவையே பாதையைச் சரியாக வரைந்திருந்தால் வழக்கே வந்திருக்காது என்பதை எவரும் கூறவில்லை.

காலியில் இருந்து மாத்தறை வரையிலான பகுதி 2014 மார்ச்சில் திறக்கப்பட்டது. மாத்தறையில் இருந்து மத்தள, அம்பாந்தோட்டை வரையிலான ஏறத்தாழ 96 கிலோமீற்றர் நீட்சி சீனாவின் எக்சிம் வங்கிக் கடனில் அமைக்கப்பட்டு 2020 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. இந்தப் பிற்காலக் கட்டத்தில் சர்ச்சையின் தன்மையே மாறிவிட்டது. முன்னர் காணியைப் பற்றிப் பேசினார்கள், இப்போது கடனைப் பற்றிப் பேசினார்கள். கடவத்தைக்கும் கெரவலப்பிட்டிக்கும் இடையிலான வெளிச்சுற்று வட்ட வீதியின் 9.3 கிலோமீற்றர் தூரத்துக்கு 66 பில்லியன் ரூபாவுக்கும் அதிகமான செலவு மதிப்பிடப்பட்டபோது, ஒரு கிலோமீற்றருக்கு 7 பில்லியன் ரூபாவா என்று நாடாளுமன்றத்திலும் வெளியிலும் கேட்கப்பட்டது. சதுப்பு நிலத்தில் தூண்களின் மேல் செல்லும் வீதிக்குச் செலவு அதிகம் என்பது பொறியியலாளர்களின் பதில். அதில் உண்மை உண்டு. ஆனால், போட்டிக் கேள்விப்பத்திரம் கோராமல், கடன் தரும் நாட்டின் நிறுவனத்திடமே வேலையையும் கொடுக்கும்போது, எது சதுப்பு நிலத்தின் விலை, எது அரசியலின் விலை என்பதை எவ்வாறு பிரித்தறிவது? மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் கடவத்தை - மீரிகம பகுதியின் வேலைகள் 2022 நெருக்கடியில் நின்றுபோய், தூண்கள் வானத்தைப் பார்த்தவாறு கிடந்தன. 2025 செப்டெம்பரிலேயே அவை மீள ஆரம்பிக்கப்பட்டன. ஒருகட்டத்தில் யாழ்ப்பாணம் வரையில் செல்லும் என்று கூறப்பட்ட வடக்கு அதிவேக நெடுஞ்சாலை வரைபடத்தைத் தாண்டவில்லை.

தூரத்து விவகாரம் என்று எமக்குத் தோன்றிய காணிச் சட்டம் 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்குக்கு வந்தது. அங்கு 6,381 ஏக்கர் காணியைப் படையினரின் தேவைக்காகச் சுவீகரிப்பதற்கு அதே 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. உரிமையாளர்கள் நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் வெளிநாடுகளிலும் இருந்தார்கள். அறிவித்தல்கள் மரங்களில் தொங்கின. பெருந்தொகையான காணி உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றார்கள்.

இனி, அக்மீமனவுக்குத் திரும்புவோம். அதிவேக நெடுஞ்சாலையில் முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் செல்லமுடியாது. அந்தப் பகுதிக் கிராமங்களில் பெரும்பாலானோரிடம் இருப்பவை அந்த இரு வாகனங்களும்தான். தங்களது வளவு இருந்த இடத்தைக் கடக்கவேண்டுமானால் அவர்கள் நெடுஞ்சாலைக்குக் கீழாகச் செல்லும் சுரங்க வழியால் செல்கிறார்கள். 2017 மேயில் தென்பகுதியில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது நெடுஞ்சாலையின் மண் அணைகள் நீரோட்டத்தைத் தடுத்துவிட்டதாகக் கிராமவாசிகள் குற்றஞ்சாட்டினார்கள். நீர் எங்கால் ஓடும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்தான். அதைச் சொல்வதற்கு அவர்களுக்கு 1999ஆம் ஆண்டில் ஒரு சந்தர்ப்பம் வழங்கப்பட்டிருக்கவேண்டும்.