வலை ஊசியின் கதை

பிள்ளைச்சாவடி கடற்கரையில் வலை தைப்பவர்களின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? தட்டையான சின்ன ஊசி. கூர்முனை, நடுவில் ஒரு நாக்கு, அடியில் கவை. நூலை நாக்கில் மாட்டிச் சுற்ற வேண்டும்.

பருத்தி வலைக் காலத்தில் மூங்கிலையோ மரத்தையோ சீவினால் ஊசி ரெடி. செலவே இல்லை (சீவிய கூலியைக் கணக்கில் எழுதாவிட்டால்! வணிகவியல் படிப்பவன் புத்தி :-)). ஆனால் பருத்தி மக்கும். மரப்பட்டைச் சாயம் ஏற்றி, காயவைத்துக் காப்பாற்றுவதே தனி வேலை.

1935இல் அமெரிக்காவில் கரோதர்ஸ் நைலானைக் கண்டுபிடித்தார். பிறகு அது நம் கடற்கரைகளுக்கும் வந்தது. மக்காது, சரி... ஆனால் வழுக்கும். முடிச்சை இறுக்கி இழுக்கணும், மெல்லிய நூல் விரலை அறுக்கும். சாயம் போடும் வேலை போய், வலி விரலுக்கு வந்தது!

இப்போது மலிவான பிளாஸ்டிக் ஊசிதான் அதிகம். வாங்கும்போது, நூல் சுற்றிய பிறகும் வலைக்கண்ணில் நுழையுமா என்று பாருங்கள். ஓரத்தில் பிசிர் இருந்தால் உப்புத்தாளில் தேய்க்கணும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் புதுச்சேரிக் கரையோர ஊர்களில் படகுகளும் வலைகளும் போயின. பிறகு வந்தவை மெஷினில் பின்னிய வலைகள்தான். ஆனாலும் அவற்றைக் கயிற்றில் கோர்த்துக் கட்டியது இதே ஊசியும் விரல்களும்தான்.