ஓர் அடிக்குறிப்பும் நான்கு பக்கங்களும்

பரமஹம்ச யோகானந்தரின் தன்வரலாற்றில் சாத்திரங்களின் நால்வகைப் பிரிவைக் கூறும் நீண்ட அடிக்குறிப்பு ஒன்றுண்டு. அதில் மனம் தோய்ந்த பாடகர் ஜான் ஆண்டர்சன், கித்தார் கலைஞர் ஸ்டீவ் ஹோவுடன் கூடித் திட்டமிட்டதே 'யெஸ்' குழுவின் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' (1973). இரண்டு இசைத்தட்டுகள், பக்கத்துக்கு ஒன்றாக நான்கே பாடல்கள், எண்பது நிமிடங்களுக்கு மேல். ஓர் அடிக்குறிப்புக்கு இத்தனை நீண்ட உரை வேறெங்கும் எழுந்ததில்லை போலும்!

பிரிட்டனில் அது விற்பனையில் முதலிடம் பெற்றது. ஆயினும் விமர்சகர் பலர் வெற்று ஆடம்பரம் என்று ஒதுக்கினர். இசைத்தட்டு வெளிவருமுன்பே மேடையில் அதைக் கேட்க நேர்ந்த ரசிகர்களோ திகைத்தனர். கடுமையான மறுப்பாளர் குழுவுக்குள்ளேயே இருந்தார். ஒரு தட்டுக்கு மிகுதி, இரண்டுக்குப் போதாது, ஆகவே இட்டு நிரப்பினோம் என்பது விசைப்பலகைக் கலைஞர் ரிக் வேக்மனின் குறை. மான்செஸ்டர் மேடையில் இசைக்கு நடுவே அவர் கறிச்சாப்பாடு உண்ட கதை புகழ்பெற்றது. 1974இல் விலகினார்.

இதையே குழுவின் சிகரமாகக் கொள்வோரும் உளர். நெடுநாள் நான் வேக்மன் கட்சி. ஆனால் நான்காம் பக்கத்தில் தாளவாத்தியப் புயல் ஓய்ந்து குரல் மெல்ல எழும் அந்த இடம், முதல் மூன்று பக்கங்களையும் பொறுத்திருந்து கேட்டவனுக்கே முழுதாய்க் கிட்டுகிறது.